சி-12 செனட்டில் நிற்கிறது: அதுவரை தம்பியின் கேஸுக்கு ஒன்றும் ஆகாதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் தம்பி 2022 செப்டம்பரில் விசிட்டர் விசாவில் ரொறன்ரோவுக்கு வந்தார். விசாவை நீடித்தார், இடையில் வேலை அனுமதியும் கிடைத்தது. இலங்கைக்குத் திரும்புவது பாதுகாப்பில்லை என்று ஆனபோது, 2025 ஓகஸ்டில் அகதிக் கோரிக்கை வைத்தார். இப்போது, இந்த 2026 ஜனவரியில், சி-12 என்ற கனடியக் குடிவரவுச் சட்டமூலம் மக்களவையைத் தாண்டி செனட்டில் நிற்கிறது. இது இன்னும் எத்தனை மாதம் இழுக்கும், எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "சட்டமாகும் வரைக்கும் தம்பியின் கேஸுக்கு ஒன்றும் ஆகாதுதானே" என்று, அதை நான் இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான். பாராளுமன்றம் மெதுவாகப் போவது தம்பிக்குப் பாதுகாப்பா என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு சட்டமூலம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைவிட, அதற்குள் என்ன தேதி எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் தம்பியைப் போன்றவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. சி-12க்குள் எழுதியிருக்கும் தேதி 2025 ஜூன் 3. அவர் கோரிக்கை வைத்தது ஓகஸ்டில். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கையில் இருக்கும் இந்த மாதங்களை எதற்குப் பயன்படுத்துவது என்பது மாறுகிறது, அவ்வளவுதான்.

நான் சட்டத்தரணி இல்லை. அகதி வழக்குகள் செய்யும் அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, பிறகு சட்ட உதவியாளராக இருபத்து நான்கு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சட்டமூலங்கள் வந்தால் அவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்து, எந்தக் கட்சிக்காரரை (எங்களிடம் வழக்குக் கொடுத்தவரை) எது தொடும் என்று குறித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆகவே சட்டமூலத்தில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் தம்பியின் கோப்பைப் பார்க்காமல் அவருடைய வழக்கு எப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். அதைக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

சி-12 சொல்வது இது. 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்த ஒருவர், வந்து ஒரு வருடம் கடந்த பிறகு அகதிக் கோரிக்கை வைத்தால், அந்தக் கோரிக்கை குடிவரவு அகதிகள் சபைக்கு அனுப்பப்படும் தகுதியை இழக்கும். ஒருவர் பல தடவை வந்து போயிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு முதல் தடவை வந்த நாளிலிருந்துதான் ஒரு வருடம் எண்ணப்படும். 2025 ஜூன் 3 அன்றும் அதற்குப் பிறகும் வைக்கப்பட்ட கோரிக்கைகளுக்கு இது பொருந்தும். (அமெரிக்க எல்லையை நுழைவாயில் இல்லாத இடத்தால் கடந்து வந்து, 14 நாள் கழித்துக் கோரிக்கை வைப்பவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. விசாவோடு விமானத்தில் வந்த உங்கள் தம்பியை அது தொடாது.) இதில் "முதல் தடவை" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருக்கால் வெளியே போய்த் திரும்பி வந்தால் ஒரு வருடம் புதிதாகத் தொடங்கும் என்று யாராவது தம்பிக்கு ஆலோசனை சொல்லியிருந்தால், அதைக் கேட்க வேண்டாம். சட்டமூலம் அந்த வழியை அடைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. போதாததற்கு, கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறுவது அந்தக் கோரிக்கையையே பாழாக்கக்கூடும்.

ஏன் ஜூன் 3 என்று கேட்பீர்கள். சி-12 மக்களவையில் வைக்கப்பட்டது 2025 ஒக்டோபர் 8 அன்று. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் 3 அன்று, பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி சி-2 என்ற பெரிய சட்டமூலத்தை வைத்தார். எல்லைக் கட்டுப்பாடு, பொலிஸுக்குத் தகவல் பெறும் அதிகாரங்கள், குடிவரவு என்று பலதும் அதற்குள் கலந்திருந்தன. தனிமனிதரின் தகவல்களைப் பொலிஸ் பெறும் விதிகளுக்கு எதிர்ப்பு கடுமையாக வந்ததால் சி-2 நகரவில்லை. அதிலிருந்து குடிவரவுப் பகுதிகளையும் வேறு சிலவற்றையும் எடுத்து சி-12 என்று தனியாக வைத்தார்கள். அந்த வாரம் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சி-2 போய்விட்டதாமே, இனிப் பயமில்லைதானே" என்று கேட்டார்கள். சட்டமூலத்தின் எண்தான் போயிருந்தது. புதிய சட்டமூலத்துக்குள் பழைய ஜூன் 3 அப்படியே இருந்தது.

இலங்கைத் தமிழரான நம்மவர்களுக்கு இது புதிய அனுபவமே இல்லை. 2009 ஒக்டோபரில் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேரும் அகதிகளாகப் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சன் சீ வந்து இரண்டு மாதத்தில், 2010 ஒக்டோபரில், அரசாங்கம் சி-49 என்ற சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. கூட்டமாக வருபவர்களை அமைச்சர் தனி வகையாக அறிவிக்கலாம், தடுத்து வைக்கலாம், நிரந்தர வதிவிடத்துக்கு வருடக்கணக்கில் காக்க வைக்கலாம் என்று அதில் இருந்தது. எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. 2011 தேர்தலில் பாராளுமன்றம் கலைந்தது, சி-49 இறந்தது. அப்போது எங்கள் அலுவலகத்தில் இனிப்புப் பரிமாறினோம். தேர்தல் முடிந்ததும் 2011 ஜூனில் அதே விஷயம் சி-4 என்று வந்தது. பிறகு 2012 பெப்ரவரியில் சி-31 என்ற பெரிய சட்டமூலத்துக்குள் அதைச் சேர்த்தார்கள், அந்த வருடம் ஜூன் 28 அன்று அது சட்டமானது. அதன் இடைமாறு விதிகளில் (பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மாறும்போது யாருக்கு எது பொருந்தும் என்று சொல்பவை), 2009 மார்ச் 31க்குப் பிறகு வந்த குழுக்களையும் அமைச்சர் அப்படி அறிவிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. இரண்டு கப்பல்களும் அந்த வரிக்குள் அடங்கிவிட்டன. மூன்று எண், இரண்டு பாராளுமன்றம், இருபது மாதம். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தபோது பின்னோக்கிக் கை நீட்டிக்கொண்டு வந்தது.

2019இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதுதான் உங்கள் தம்பியின் நிலைமைக்கு மிக நெருக்கமானது, அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரல் 8 அன்று வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றும் சட்டமூலமாக சி-97 வைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பக்கம். வரியும் மானியமும் பேசும் அந்தப் பக்கங்களுக்கு நடுவே, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற, கனடாவோடு தகவல் பகிரும் ஒப்பந்தம் உள்ள நாட்டில் முன்பு அகதிக் கோரிக்கை வைத்த ஒருவர் இங்கே வைக்கும் கோரிக்கை அகதிகள் சபைக்குப் போகாது என்று ஒரு விதி இருந்தது. ஜூன் 21 அன்று சட்டமானது. பொருந்தியது ஏப்ரல் 8 முதல். மே மாதம் எங்களிடம் ஒரு பெண் வந்தார். முன்பு பிரித்தானியாவில் கோரிக்கை வைத்து மறுக்கப்பட்டவர். "இது இன்னும் சட்டமூலம்தான், சட்டமாகட்டும் பார்க்கலாம்" என்று அவருக்குத் தமிழில் விளக்கியவன் நான். அந்தத் தேதி என் கண்ணில் பட்டிருந்தது, ஆனால் பாராளுமன்றக் குழு ஆராயும்போது அதை எடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். அகதிகள் சபையில் விசாரணை நடக்கும் என்றே அவருடைய ஆதாரங்களைச் சேர்க்கத் திட்டமிட்டோம், அவசரமில்லாமல். ஜூலையில் அவர் கையில் கிடைத்தது தகுதி இல்லை என்ற கடிதம். பிறகு வந்த வாரங்களில் ஊரிலிருந்து மருத்துவ அறிக்கையையும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் எடுப்பதற்கு அவருடைய அம்மா பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. மே மாதமே தொடங்கியிருந்தால் அவ்வளவு கஷ்டமும் தேவைப்பட்டிருக்காது.

அதே சட்டமூலத்தில் இன்னொன்றும் நடந்தது, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அப்படித் தகுதி இழப்பவர்களுக்கு நாடுகடத்தலுக்கு முந்திய ஆபத்து மதிப்பீடு மட்டும்தான் மிஞ்சும். எல்லோரும் பி.ஆர்.ஆர்.ஏ. என்று சொல்வது அதைத்தான். வழக்கமாக ஒரு குடிவரவு அதிகாரி கடதாசிகளை வாசித்து முடிவு செய்வார், நேரில் விசாரிப்பது அரிது. அகதிகள் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் குழுவின் முன் போய் இதைச் சொன்னார்கள். அதன் பிறகு, இந்த வகையினருக்கு மதிப்பீட்டில் நேரடி விசாரணை கட்டாயம் என்று ஒரு திருத்தம் சேர்ந்தது. தேதி மாறவில்லை, தடையும் மாறவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒரு அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து தன் கதையைத் தன் வாயால் சொல்ல முடிந்தது அந்தத் திருத்தத்தால்தான். சட்டமூலத்தைப் பின்தொடர்வது வீண் வேலை என்று நான் ஒருநாளும் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

இப்போது தம்பியின் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் தந்த மூன்று தேதிகளையும் வைத்துப் பார்த்தால், 2020 ஜூன் 24க்குப் பிறகு வந்திருக்கிறார், வந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்துக் கோரிக்கை வைத்திருக்கிறார், வைத்தது 2025 ஜூன் 3க்குப் பிறகு. சட்டமூலம் இப்போது இருக்கும் வடிவிலேயே நிறைவேறினால் அவருடைய கோரிக்கை அந்தத் தடைக்குள் வரும். சி-12க்கு ஒப்புதல் கிடைக்கும் நாளில் அவருடைய கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். அது இடைமாறு விதிகளை வார்த்தை வார்த்தையாக வாசித்துச் சொல்ல வேண்டிய விஷயம். சட்டத்தரணியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக அதை வையுங்கள். அதற்கு முன்பே விசாரணை வந்துவிடாதா என்று நினைக்கலாம். சபையில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியவை. ஓகஸ்டில் வைத்த கோரிக்கைக்கு இந்தக் குளிர்காலத்தில் முறை வரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

தகுதி இழந்தால் அடுத்த நாள் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அப்படி இல்லை. அவருக்கு ஆபத்து மதிப்பீடு இருக்கிறது. முதல் தடவை, மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அறிவித்தல் கையில் கிடைத்து உரிய நாட்களுக்குள் விண்ணப்பித்தால், முடிவு வரும் வரை நாடுகடத்தல் நிறுத்தி வைக்கப்படும். மதிப்பீட்டில் வென்றால் அகதிகள் சபையில் வென்றவரைப் போலவே பாதுகாக்கப்பட்ட நபர் ஆவார், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். வித்தியாசம் மற்ற இடங்களில் இருக்கிறது. சபையில் தோற்றால் பெரும்பாலானவர்களுக்கு மேன்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது. மதிப்பீட்டில் தோற்றால் அது இல்லை, சமஷ்டி நீதிமன்றத்திடம் மீளாய்வு கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதாலேயே நாடுகடத்தல் தானாக நிற்காது, தடையுத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். அத்தோடு நாட்கள் மிகக் குறைவு. அறிவித்தல் கொடுத்ததிலிருந்து விண்ணப்பிக்க 15 நாள், ஆதாரங்களையும் எழுத்து விளக்கத்தையும் சேர்க்க இன்னும் 15 நாள் என்பதுதான் பொதுவான கணக்கு. ஊரிலிருந்து ஒரு கடிதம் எடுப்பதற்கே அதைவிட அதிக நாள் போகும் என்பது உங்களுக்கும் தெரியும்.

1985 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அகதிக் கோரிக்கையில் ஒருவருடைய நம்பகத்தன்மை கேள்விக்கு வரும்போது அவர் நேரில் பேசக் கேட்கப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றைய அகதிகள் சபை அந்தத் தீர்ப்பின் பிள்ளை. அதனால்தான் எழுத்தில் மட்டும் ஆராயும் ஒரு வழிக்கு இத்தனை பேரைத் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது என் கருத்து. அரசாங்கத்தின் வாதம், தாமதமாக வரும் கோரிக்கைகளால் அமைப்பு திணறுகிறது, மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பது. நெருக்கடி உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயம் எப்போது வரும் என்பதை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை. விசா செல்லுபடியாக இருக்கும்வரை கோரிக்கை வைக்காமல் இருந்து, அது முடியும் தறுவாயில், திரும்பிப் போக வேண்டும் என்ற நிலை வந்த பிறகு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் சபையில் வென்றார்கள்.

சரி, இந்த நடைமுறை ஏன் இப்படி இழுக்கிறது? முதலாம் வாசிப்பு என்பது சட்டமூலத்தை மேசையில் வைப்பது மட்டும், விவாதம் கிடையாது. இரண்டாம் வாசிப்பில் கொள்கையளவில் ஏற்கலாமா என்று பேசி வாக்களிப்பார்கள். "இரண்டாம் வாசிப்பு நிறைவேறியது" என்பதைச் சட்டமே நிறைவேறிவிட்டது என்று எழுதும் செய்திகள் நம் பக்கத்தில் அடிக்கடி வரும், ஏமாற வேண்டாம். அப்புறம் குழுநிலை. சாட்சிகளை அழைத்துக் கேட்டு, ஒவ்வொரு வாசகமாக எடுத்துத் திருத்துவது அங்கேதான். குழு திருத்தியதை மக்களவை ஏற்கலாம், மாற்றலாம். பிறகு மூன்றாம் வாசிப்பு. அது முடிந்ததும் செனட்டில் அத்தனை படியும் மறுபடி. செனட் ஒரு சொல்லை மாற்றினாலும் சட்டமூலம் மக்களவைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இரண்டு அவையும் ஒரே வாசகத்தில் உடன்பட்டால்தான் அரச ஒப்புதல்.

இதில் இரண்டு படிகளில்தான் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஒன்று குழுநிலைக்கும் மூன்றாம் வாசிப்புக்கும் இடையில் இருப்பது. வெளிநாட்டில் பிறந்த கனடியரின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தரும் சி-3 இதற்கு நல்ல உதாரணம். வெளிநாட்டில் பிறந்த முதல் தலைமுறையோடு குடியுரிமை நின்றுவிடும் என்று 2009 ஏப்ரலில் வந்த கட்டுப்பாட்டை 2023 டிசம்பரில் ஒன்ராறியோ நீதிமன்றம் செல்லாது என்றது. அரசாங்கம் 2024 மேயில் சி-71 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 6 அன்று பாராளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது அது இறந்தது. தேர்தலுக்குப் பிறகு ஜூனில் சி-3 என்று மறுபடி வந்தது. ஒக்டோபரில் குழு அதற்குள் மொழித் தேர்வு, பாதுகாப்புச் சோதனை போன்ற நிபந்தனைகளைச் சேர்த்தது. எத்தனையோ குடும்பங்கள் மனமுடைந்து போயின. நவம்பர் தொடக்கத்தில் மக்களவை அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டது. நவம்பர் 20 அன்று அரச ஒப்புதல், நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 15. குழுவோடு செய்தியை வாசித்து நிறுத்தியவர்கள் இன்றைக்கும் பிழையான நிபந்தனைகளைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றது கடைசிப் படி, நடைமுறைக்கு வரும் நாள். அரச ஒப்புதல் கிடைத்த நாளிலேயே எல்லா விதியும் உயிர் பெறுவதில்லை. சில விதிகள் அமைச்சரவை குறிக்கும் நாளில்தான் வரும். முன்னே சொன்ன மேன்முறையீட்டுப் பிரிவு இருக்கிறதே, அதற்கான விதிகள் 2001 நவம்பரிலேயே சட்டமாகிவிட்டன. பிரிவு கதவைத் திறந்தது 2012 டிசம்பர் 15 அன்று. பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடமும் எங்கள் கட்சிக்காரர்கள் சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்த ஒரு உரிமையைப் பயன்படுத்த முடியாமல் இருந்தார்கள். பின்னோக்கிப் போகும் விதியும் உண்டு, முன்னோக்கித் தள்ளிப் போடும் விதியும் உண்டு. இரண்டையும் சட்டமூலத்தின் கடைசிப் பக்கங்களில், "நடைமுறைக்கு வருதல்", "இடைமாறு ஏற்பாடுகள்" என்று வரும் இடங்களில்தான் பார்க்க முடியும்.

பின்தொடர்வதற்குப் பாராளுமன்றத்தின் லெஜிஸ்இன்ஃபோ (LEGISinfo) தளம் போதும். அதில் 45ஆவது பாராளுமன்றம், முதலாம் கூட்டத்தொடர், சி-12 என்று தேடுங்கள். பாராளுமன்ற எண்ணைச் சரிபார்ப்பது அவசியம், ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எண்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய சி-12 ஒன்றை வாசித்துவிட்டுக் கலங்கிப் போனவர்கள் உண்டு. எந்தப் படியில் இருக்கிறது என்பது ஒரே பக்கத்தில் தெரியும். சட்டமூலத்தின் வாசகம் பல பதிப்புகளில் இருக்கும். முதலாம் வாசிப்பில் இருந்ததை விட்டுவிட்டு, மக்களவை நிறைவேற்றிய பதிப்பைத் திறவுங்கள். முழுவதையும் வாசிக்க நேரமில்லையா? அந்தப் பக்கத்தில் 2020 என்றும் 2025 என்றும் தேடுங்கள். உங்களைத் தொடும் தேதிகள் முன்னால் வந்து நிற்கும். நான் இத்தனை வருடமும் முதலில் செய்தது அதைத்தான். செனட் குழுக் கூட்டங்களை நேரடியாகப் பார்க்கலாம், எழுத்துப் பதிவும் பிறகு வரும். யாரும் குழுவுக்கு எழுத்தில் சமர்ப்பணம் அனுப்பலாம், அதற்கு குடியுரிமை தேவையில்லை. ஆனால் தம்பியின் பெயரையும் அவருடைய வழக்கின் விபரங்களையும் அதில் எழுத வேண்டாம். அனுப்பியது எல்லாருக்கும் தெரியும்படி வெளியாகக்கூடும்.

இனி உறுதியில்லாதவை. செனட் பெப்ரவரியில் மறுபடி கூடும். எத்தனை வாரம் எடுக்கும் என்று யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள். அரசாங்கச் சட்டமூலத்தைச் செனட் ஒரேயடியாகத் தோற்கடிப்பது மிக அரிது, ஆகவே இது நிறைவேறும் என்று வைத்துத்தான் நான் திட்டமிடுவேன். செனட் திருத்தம் கேட்கலாம். 2019ஐப் போல நேரடி விசாரணை பற்றிய திருத்தம் கிடைத்தால் தம்பிக்கு அது பெரிய உதவி, ஆனால் செனட் கேட்டதை மக்களவை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜூன் 3 என்ற தேதியே மாறுமா என்று கேட்டால், நான் பார்த்த வரையில் இந்தத் தேதிகள்தான் கடைசிவரை நிலைக்கும் வரிகள். சட்டமானதும் யாராவது நீதிமன்றம் போவார்கள் என்று எதிர்பார்க்கலாம். அந்த வழக்குகள் முடிய வருடங்கள் ஆகும். தம்பியின் முடிவு அதற்கு முன்பே வந்துவிடும்.

ஆகவே இந்த மாதங்களை ஆதாரத்துக்குச் செலவிடுங்கள். கோரிக்கையை வாபஸ் வாங்க வேண்டாம், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஓகஸ்டில் கொடுத்த பி.ஓ.சி. படிவத்தின் (கோரிக்கைக்கான காரணங்களை எழுதிக் கொடுக்கும் படிவம்) பிரதியை எடுத்து, அதில் சொன்ன ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதைக் காட்ட முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஊரில் நடந்ததைப் பார்த்தவர்களின் சத்தியக்கடதாசி, வைத்தியசாலைக் குறிப்பு, முறைப்பாட்டுப் பிரதி, அவர் இங்கே வந்த பிறகு வீட்டுக்கு யாராவது தேடி வந்திருந்தால் அதைப் பற்றி வீட்டாரின் கடிதம். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பவற்றுக்கு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் சேர வேண்டும். ஏன் 2022இலேயே கோரிக்கை வைக்கவில்லை என்ற கேள்வி எந்த அதிகாரியிடமிருந்தும் வரும். அதற்கான உண்மையான பதிலை அவர் இப்போதே, அவருடைய சொற்களில், நிதானமாக எழுதி வைக்கட்டும். முன்பு சொன்னதற்கு முரணாக ஒரு வார்த்தைகூடப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். விலாசம் மாறினால் உடனே அறிவிக்க வேண்டும். அந்தப் 15 நாள் அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இப்போது இருக்கும் சட்டத்தரணி சபை விசாரணைக்கு மட்டும்தான் பொறுப்பெடுத்திருக்கிறாரா, ஆபத்து மதிப்பீடும் செய்வாரா என்று கேளுங்கள். சட்ட உதவிச் சான்றிதழில் செய்கிறார் என்றால், அது இரண்டையும் உள்ளடக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

சட்டத்தரணியைச் சந்திக்கப் போகும்போது கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் பிரதியும், 2020 ஜூனுக்குப் பிறகு கனடாவுக்குள் வந்த ஒவ்வொரு தடவையின் தேதியும், கோரிக்கை வைத்த நாளில் கிடைத்த ஒப்புகைக் கடிதமும் கையில் இருக்கட்டும். நீங்கள் 2022 செப்டம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வருகையா, அதற்கு முன்பு ஒரு கலியாணத்துக்கோ வேறு எதற்கோ வந்து போனாரா என்று தம்பியிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.